அடுத்த குழந்தையையும் மனதில் வைத்து ஸ்ட்ரோலர் வாங்குவது: இப்போதே இரட்டை வண்டி தேவையா?

கேள்வி இதுதான்: முதல் குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இரண்டு வருட இடைவெளியில் இன்னொன்றும் பெற்றுக்கொள்ள எண்ணம். இரண்டு தடவை செலவழிக்காமல், இருவர் உட்காரும் ஸ்ட்ரோலராக இப்போதே வாங்கிவிடலாமா?

வேண்டாம். இரட்டைக் குழந்தைகள் என்று ஸ்கேனில் தெரிந்திருந்தால் ஒழிய இப்போதைக்கு ஒற்றை வண்டியே போதும். இருவர் உட்காரும் வண்டி காலியாகவே 13 முதல் 17 கிலோ வரை இருக்கும். அடுத்த குழந்தை வரும்வரை அந்தக் காலி இருக்கையையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும், தூக்க வேண்டும், டிக்கியில் திணிக்க வேண்டும். அந்தக் குழந்தை பிறக்கும்போது மூத்ததுக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து இறங்கி ஓடுகிற வயது அது. முன்யோசனையோடு வாங்கிய இரண்டாவது இருக்கை, பை வைக்கும் இடமாகிப் போவதுதான் வழக்கம்.

சரி, எந்த ஒற்றை வண்டி? கடையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வழவழவென்ற தரை, காலி இருக்கை, நம் இரண்டு கையும் சும்மா. வாங்கிய வண்டி வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கிறதென்றால், பெரும்பாலும் அது மட்டமான வண்டி என்பதால் அல்ல. தினமும் போகும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் அது நுழையவில்லை, அல்லது ஏறவில்லை, அல்லது மடங்கவில்லை. ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் வழியை அளந்துவிடுங்கள்.

அளவு நாடாவோடு ஒரு மணி நேரம்

வீட்டு வாசலில் தொடங்குங்கள். கதவின் சட்டத்தை அளக்காதீர்கள். கதவை முழுக்கத் திறந்துவைத்து, கதவுப் பலகையின் விளிம்பிலிருந்து எதிர்ச் சட்டம் வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சட்டத்துக்கு 80 செ.மீ. இருந்தாலும், கதவுப் பலகையின் தடிமனும் கைப்பிடியும் போக 74, 75 தான் மிஞ்சும். ஒற்றை ஸ்ட்ரோலரின் அகலம் பொதுவாக 50 முதல் 62 செ.மீ.; அதனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பக்கத்துப் பக்கம் இருவர் உட்காரும் வண்டி 75 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அங்கேதான் அந்த 1 செ.மீ. தலைவலி.

அடுத்து லிஃப்ட். கதவு அகலம் மட்டுமல்ல, உள் ஆழமும் வேண்டும். வண்டியின் நீளத்தோடு, அதன் பின்னால் நீங்கள் நிற்க 35 செ.மீ.யாவது கூட்டிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத வீடு என்றால் படிகளை எண்ணுங்கள். 10 கிலோ வண்டி, அதில் 8 கிலோ குழந்தை, கூடையில் 2 கிலோ பை. 20 கிலோவை ஒற்றை ஆளாக ஏற்றுவது நடக்காத காரியம். குழந்தை உட்கார்ந்திருக்க வண்டியோடு தூக்கிப் படி ஏறுவது ஆபத்தும்கூட. படிக்கட்டு வீட்டுக்கு 7 கிலோவுக்கு உட்பட்ட வண்டி, அல்லது வண்டியைக் கீழேயே பூட்டி வைக்க ஓர் இடம். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கார் டிக்கியை அளப்பதில்தான் பலர் ஏமாறுவார்கள். தரையின் நீள அகலத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள். வண்டி உள்ளே போவது டிக்கியின் வாய் வழியாக; அது தரையைவிடக் குறுகலாக இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் சக்கர மேடு வேறு துருத்திக்கொண்டு நிற்கும். எளிய வழி ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் வண்டியின் மடித்த அளவு, உதாரணமாக 75×60×38 செ.மீ. என்றால், அதே அளவில் பழைய அட்டைப்பெட்டிகளை ஒட்டி ஒரு கட்டை தயார் செய்யுங்கள். அதை டிக்கியில் வைத்துப் பாருங்கள். மூடி மூடுகிறதா? மூடிய பிறகு வேறு சாமான் வைக்க இடம் மிச்சம் இருக்கிறதா? தயாரிப்பாளர் தரும் மடித்த அளவு சில சமயம் சக்கரங்களைக் கழற்றிய பிறகான அளவாக இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நாலு சக்கரம் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

தலை நிற்காத குழந்தைக்கு

பிறந்த குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். கழுத்துத் தசைக்கு அதைத் தாங்கும் பலம் இல்லை. நிமிர்ந்த இருக்கையில் தூங்கினால் தலை முன்னால் சாய்ந்து தாடை மார்பில் முட்டும். மூச்சுக்குழாய் மென்மையானது என்பதால் அந்த மடிப்பிலேயே காற்றுப் போக்கு குறையலாம். அழக்கூட முடியாமல் போவதால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. முதல் மாதங்களில் மட்டமாகப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். குழந்தையின் சொகுசுக்காகச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள்.

ஐரோப்பாவின் ஈ.என். 1888 தரத்தில், பிறந்த நாள் முதல் பயன்படுத்தலாம் என்று விற்கும் இருக்கைக்கு, அடிப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் இடையே குறைந்தது 150 பாகை விரிவு வேண்டும். 180 என்றால் முழு மட்டம். 150 என்பது குறைந்தபட்சம்தான். 170ஐ ஒட்டிச் சாயும் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். எண்ணை மட்டும் நம்பாமல் கையால் அழுத்தியும் பாருங்கள். முதுகுப்புறத்தைப் பலகையாக இல்லாமல், நாடாவை இழுத்துத் தளர்த்தும் வெறும் துணியாகத் தைத்திருந்தால், எடை ஏறியதும் அது தூளி மாதிரி குழிந்துவிடும். அந்தக் குழியில் குழந்தையின் இடுப்பு இறங்கி, தாடை மறுபடி மார்புக்குப் போகும்.

மட்டமாகப் படுக்கவைக்க இன்னொரு வழி, இருக்கைக்குப் பதிலாக வண்டியின் சட்டத்தில் மாட்டும் கேரிகாட். தொட்டில் போன்ற இதில் குழந்தை நன்றாகப் படுக்கும். ஆனால் ஆயுள் குறைவு. குழந்தை 9 கிலோவைத் தொடும்போது, அல்லது கையை ஊன்றி எழும்ப முயலும்போது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்றோடு நிறுத்திவிட வேண்டும். நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம். அடுத்த குழந்தையும் திட்டத்தில் இருக்கிறது என்பதால் உங்களுக்கு இது இரண்டு முறை பயன்படும். வைத்துக்கொள்ள இடம் இருந்தால் வாங்கலாம். அதோடு வரும் மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தையோ தலையணையோ போடக்கூடாது. பக்கச் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே முகம் சிக்கும்.

மூன்றாவது வழி, காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் கார் சீட்டையே அடாப்டர் என்ற இணைப்புத் துண்டு மூலம் சட்டத்தில் மாட்டுவது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் காரிலிருந்து வண்டிக்கு மாற்றலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் கார் சீட் என்பது விபத்தில் காப்பாற்றுவதற்காகச் சுருண்ட வடிவில் செய்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை அதில் வைக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. முதல் வாரங்களில் அதற்கும் மிகக் குறைவாக. காரில் ஒன்றரை மணி நேரம் வந்த குழந்தையை அப்படியே வண்டியில் மாட்டிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் சுற்றினால் கணக்கு தாண்டிவிட்டது. குறைமாதக் குழந்தை என்றால் கார் சீட்டில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். இன்னொரு விஷயம்: ஒவ்வொரு கார் சீட்டும் குறிப்பிட்ட சில சட்டங்களில்தான் மாட்டும். இரண்டின் மாடல் பெயரையும் சொல்லி, அதற்கான அடாப்டர் இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே எதையும் வாங்க வேண்டும்.

பெல்ட்

இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே ஒன்று. ஐந்து முனை பெல்ட் இல்லாத வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். தோள் பட்டை குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்று மேலாகவோ துவங்க வேண்டும். அதற்கு இருக்கையில் குறைந்தது இரண்டு, மூன்று உயர நிலைகள் வேண்டும். இறுக்கிய பிறகு பட்டைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி, முழுக் கை நுழைந்தால் தளர்வு.

தூங்குகிற பிள்ளையை இறுக்கிக் கட்டுவானேன் என்று பெல்ட்டைக் கழற்றிவிடுவது நல்ல மனத்தோடு செய்யும் பெரிய தவறு. சாய்த்த இருக்கையில் கட்டாமல் கிடக்கும் குழந்தை கால்பக்கமாக மெல்லச் சறுக்கும். இருக்கைக்கும் முன்புறக் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தில் உடம்பு இறங்கிவிடும், தலை இறங்காது. கழுத்து அங்கே மாட்டிக்கொள்ளும். முன்புறக் கம்பி பிடித்துக்கொள்ள மட்டும். அது பெல்ட்டுக்கு மாற்று அல்ல.

சக்கரம் எதைச் சொல்கிறது

ஒரு வண்டியை எங்கே ஓட்டுவதற்காகச் செய்தார்கள் என்பதை அதன் முன்சக்கரமே சொல்லிவிடும். விட்டம் 12 முதல் 15 செ.மீ. என்றால் அது வணிக வளாகத்துக்கும் விமான நிலையத்துக்குமான வண்டி. நடைபாதைக் கற்களுக்கு இடையே உள்ள சந்து, மழைநீர்க் கம்பி வலை, மேலெழும்பிய வேர் எல்லாவற்றிலும் தட்டி நிற்கும். 18 முதல் 20 செ.மீ. என்றால் அன்றாடச் சாலைக்குப் போதும். மண் பாதை, சரளை, புல் என்று போகிறவர்களுக்கு 25 செ.மீ.க்கு மேல் வேண்டும். அப்படிப்பட்ட வண்டி கனமாகவும் பெரிதாகவும்தான் இருக்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

பொருளிலும் வேறுபாடு உண்டு. கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் மலிவு, சத்தம் அதிகம், அதிர்வு நேராகக் குழந்தைக்குப் போகும். ஃபோம் சக்கரம் பஞ்சர் ஆகாது, இலேசு. ஆனால் கரடுமுரடான சாலையில் ஓரம் பிய்ந்து, நாளடைவில் தேய்ந்து தட்டையாகும். ரப்பர் பூசிய ஃபோம் அதைவிட நீடிக்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காற்றடைத்த டயர் சவாரிக்கு மிகச் சிறந்தது. அதற்கு மாதம் ஒரு தடவை காற்று பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். கார் டயருக்கு அடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் ட்யூப் வெடிக்கும். இரண்டு பின்சக்கரத்திலும் காற்று சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

முன்சக்கரம் திரும்பாமல் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மணலிலும் சரளையிலும் திரும்பும் சக்கரம் குறுக்கே விழுந்து வண்டியை நிறுத்திவிடும். பூட்டிவிட்டால் நேராக ஏறிப் போகும். அதிலும் சிக்கினால் வண்டியைத் திருப்பிப் பின்னால் இழுங்கள். பெரிய பின்சக்கரம் வழி செய்ய, சின்னது தொடர்ந்து வரும்.

ஓடுவதற்கு என்று தனி வண்டி உண்டு. மூன்று பெரிய காற்று டயர், பூட்டிய முன்சக்கரம், கைபிரேக், மணிக்கட்டில் மாட்டும் பட்டை. சாதாரண வண்டியை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஓட்ட வண்டியிலும் குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகி, கழுத்து நன்றாக நின்ற பிறகே ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். சிலர் எட்டு மாதம் என்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே கணக்கு.

மடிப்பதும் விரிப்பதும்

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர்தான் 1965இல் குடை போல மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். அதற்கு முன் குழந்தை வண்டி என்றால் பெரும்பாலும் மடக்க முடியாத பெரும் பெட்டி. இன்றைக்கு விளம்பரங்களில் 'ஒரு கையால் மடிக்கலாம்' என்று இல்லாத வண்டியே இல்லை. எந்த நிலையில் ஒரு கையால் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் இதைச் செய்து பாருங்கள். இடது தோளில் உங்கள் பையை மாட்டி, அதே கையில் ஏதாவது 5 கிலோ பொருளைக் குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொள்ளுங்கள். இனி வலது கையால் மட்டும் மடியுங்கள். குனிய வேண்டியிருக்கிறதா? காலால் ஒரு லிவரை மிதித்துக்கொண்டே கையால் இன்னொன்றை இழுக்க வேண்டுமா? மடிந்ததும் தானாக லாக் விழுகிறதா, அல்லது தேடிப்பிடித்துக் கொக்கியை மாட்ட வேண்டுமா? மடித்த வண்டி தானாக நிற்கிறதா, சாய்ந்து விழுகிறதா? கைப்பிடி தரையில் உரசி அழுக்காகிறதா? திருப்பி மாட்டும் இருக்கை உள்ள வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: குழந்தை நம்மைப் பார்த்தபடி இருக்கை மாட்டியிருந்தால் பல மாடல்கள் மடியாது. முதலில் இருக்கையைக் கழற்றி, முன்னோக்கித் திருப்பி மாட்டி, அதன் பிறகு மடிக்க வேண்டும். மழையில் காருக்குப் பக்கத்தில் நின்று செய்து பார்த்தால் அதன் அருமை தெரியும்.

அதற்காக அந்த இருக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ஒரு வருடம் குழந்தை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது; வெயில் முகத்தில் அடித்தால் திருப்பிவிடவும் முடியும். கார் அதிகம் பயன்படுத்தாதவர்களுக்கு அது தாராளமாகத் தகும்.

மடிப்பில் ஆபத்து இருப்பது கீல்களில். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. விரிக்கும்போது பக்கக் கீலில் விரல் வைத்த குழந்தைகளின் விரல் நுனி துண்டான புகார்கள் வந்திருந்தன. தீர்வாகக் கொடுத்தது கீலை மூடும் ஒரு துணி உறை. இன்றைய வண்டிகளில் கீல்கள் பெரும்பாலும் மூடியே வருகின்றன. இருந்தாலும் வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மூத்த பிள்ளை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். விரித்தபின் ‘டக்’ என்ற சத்தம் கேட்டதோடு விடாமல், கைப்பிடியை ஒரு முறை கீழே அழுத்திப் பார்த்து லாக் விழுந்ததை உறுதிசெய்த பிறகு குழந்தையை ஏற்றுங்கள்.

கைப்பிடியில் பை மாட்டினால் ஏன் கவிழ்கிறது

6 கிலோ எடையுள்ள ஒரு இலேசான வண்டி. அதன் எடை மையம் பின்சக்கர அச்சுக்கு 25 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் 150; வண்டியை முன்பக்கம் அழுத்திப் பிடிக்கும் பலம் இது. கைப்பிடி அதே அச்சுக்கு 30 செ.மீ. பின்னால். அதில் 6 கிலோ பையை மாட்டினால் பின்னால் இழுக்கும் பலம் 180. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை, 10 கிலோ × 20 செ.மீ. என்று முன்பக்கம் இன்னும் 200 சேர்கிறது, வண்டி நிற்கும். குழந்தையைத் தூக்கிய நொடியில் 150க்கு எதிராக 180, வண்டி மல்லாந்துவிடும். ஏறுமுகமான சரிவில் குழந்தை உள்ளே இருக்கும்போதே கவிழவும் கூடும். கனமானதைக் கீழ்க்கூடையில் வையுங்கள். பல வண்டிகளில் கூடைக்கு 5 கிலோதான் வரம்பு, சிலவற்றில் 10. அந்த எண் கூடையின் மேலேயே தைத்திருக்கும்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்ட வேண்டும். செருப்புக் காலால் மேல்நோக்கித் தட்டி விடுவிக்கும் பிரேக் நாளடைவில் எரிச்சலைத் தரும்; இரண்டு முறையும் கீழே மிதிப்பது நல்லது. ரயில் நடைமேடையில் பிரேக் போட்டாலும் போதாது. வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பி, கை கைப்பிடியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது குழந்தை வரும்போது

இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது வயது இடைவெளி.

ஒன்றரை வருடத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் இரண்டு இருக்கை தவிர்க்க முடியாதது. மூத்தது நடக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் நூறு மீட்டரில் கையை நீட்டும். ஒன்றரை முதல் இரண்டரை வரை என்பது நடுநிலம்; உங்கள் திட்டம் இதற்குள்தான் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் ஓர் ஒற்றை வண்டி, மூத்தது நிற்க அதன் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை, பிறந்ததைக் கட்டிக்கொள்ள ஒரு பேபி கேரியர் என்ற கூட்டணியே ஓட்டிவிடும். காலையில் மூத்தது வண்டியில், சின்னது மார்பில். திரும்பும்போது சின்னது வண்டியில், மூத்தது பலகையில். மூன்று வயதுக்கு மேல் இடைவெளி என்றால் பலகைகூட ஓராண்டுக்குத்தான்.

சக்கரப் பலகைக்கு வரம்பு பொதுவாக 20 முதல் 25 கிலோ. இரண்டு வயதாகி நிலையாக நிற்கத் தெரிந்த பிள்ளைக்கே அது ஏற்றது. தள்ளுபவரின் முழங்கால் பலகையில் இடிக்கும் என்பதுதான் பெரிய குறை. கைப்பிடி நீளும் வண்டி இருந்தால் இடி குறையும். ஆகவே இப்போது வாங்கும் ஒற்றை வண்டியிலேயே கைப்பிடி 95இலிருந்து 110 செ.மீ. வரை உயர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்சக்கர அச்சு மூடாமல் உருண்டைக் கம்பியாக இருந்தால் பலகையை மாட்டுவது எளிது. வளைந்து தட்டையான சட்டங்களில் கொக்கி பிடிக்காது. கையேடு பலகையை அனுமதிக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் பின்பக்க எடை கூடும்போது வண்டி மல்லாக்கும் கணக்கு மேலே சொன்னதுதான்.

ஒற்றையாக இருந்து இரண்டாக மாறும் வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. சட்டம் ஒன்று, தேவைப்படும்போது இரண்டாவது இருக்கையை வாங்கிக் கீழே மாட்டலாம் என்பது ஏற்பாடு. இடைவெளி இரண்டு வருடத்துக்குள்தான் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால் இதை யோசிக்கலாம். ஆனால் நான்கு இடத்தில் நன்றாகத் துருவிப் பாருங்கள். கீழ் இருக்கை பல மாடல்களில் சின்னது. மூத்தது உட்கார்ந்தால் தலை மேல் இருக்கையின் அடியில் இடிக்கும். எந்த இருக்கை எந்த இடத்தில் மாட்டலாம் என்பதற்கு அட்டவணை இருக்கும். கேரிகாட்டும் பெரிய இருக்கையும் ஒரே சமயத்தில் பொருந்துகிறதா என்பதை அதில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இருக்கை மாட்டியபடி பல மாடல்கள் மடியாது. ஒன்றையாவது கழற்ற வேண்டும். இரண்டாவது இருக்கையைத் தனியாக விற்கும் காலம் முடிந்து, அந்த மாடலே நின்றுபோகவும் கூடும். இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே தவறிவிடும்.

முன்னும் பின்னுமாக இருவர் உட்காரும் வண்டிக்கு அகலம் ஒற்றை வண்டி அளவுதான், கடைக் கதவில் சிரமமில்லாமல் நுழையும். கஷ்டம் நடைபாதை விளிம்பில். முன்னிருக்கைக் குழந்தை பின் அச்சிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால், முன்சக்கரத்தைத் தூக்கக் கைப்பிடியில் முழு உடல் எடையையும் போட வேண்டியிருக்கும். கையேடு அனுமதித்தால் கனமான பிள்ளையைப் பின் அச்சுக்கு அருகில் உட்கார வைத்தால் கொஞ்சம் இளகும். பக்கத்துப் பக்க வண்டி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்: நேராக ஓடும், திரும்பும், விளிம்பு ஏறும், இரண்டு பிள்ளைக்கும் ஒரே அளவு இருக்கை, ஒரே அளவு சாய்வு. இரட்டையருக்கு என் தேர்வு இதுவே, கதவு மட்டும் இடம் கொடுத்தால். எடை வித்தியாசம் அதிகமான இரு பிள்ளைகள் உட்கார்ந்தால் சில வண்டிகள் கனமான பக்கம் இழுக்கும். அதைக் கடையிலேயே எடை ஏற்றிச் சோதிக்கலாம்.

எடை வரம்பையும் இப்போதே பாருங்கள். ஈ.என். 1888 தரத்தின் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைக்கு. இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 கிலோ வரை. 15 கிலோ என்பது மூன்று வயதை ஒட்டித் தொட்டுவிடும் எடை. அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்ற தரத்தை ஒட்டிய விதிகள் 2015 முதல் கட்டாயம். லேபிளில் இவற்றில் எதுவுமே இல்லாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம். எடையைவிட முன்னதாகவே உயரம் மிஞ்சிவிடுவதும் உண்டு: இருக்கையின் அடியிலிருந்து மேல்மூடியின் உள்பக்கம் வரை 60 செ.மீ.க்குக் குறைந்தால் இரண்டரை வயதுப் பிள்ளையின் தலை கூரையைத் தொடும்.

வெயில், மழை, விமானம்

மேல்மூடி நீண்டு முழங்கால் வரை நிழல் தர வேண்டும், பின்பக்கம் காற்றுக்கு வலைச் சன்னல் வேண்டும். வெயிலுக்காக வண்டியின் முன்புறத்தைத் துணியால் மூடிவிடாதீர்கள். மெல்லிய துணியானாலும் உள்ளே காற்று நின்று, வெளியில் உள்ளதைவிடச் சூடு ஏறும். குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. பிளாஸ்டிக் மழை உறையும் அப்படித்தான்: மழை நின்றதும், கட்டடத்துக்குள் நுழைந்ததும் எடுத்துவிட வேண்டும்.

விமானத்தில் கையோடு கொண்டுபோக 55×40×20 செ.மீ. அளவை ஒட்டி மடியும் சின்ன வண்டிகள் உண்டு. அனுமதிப்பது அந்தந்த விமான நிறுவனம். வருடத்துக்கு ஒரு பயணத்துக்காக அன்றாட வண்டியைச் சின்னச் சக்கரத்தில் வாங்குவது தலைகீழான கணக்கு. பெரிய வண்டியை விமான வாசலில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்து சேர்ந்தால் 10 கிலோ. ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் இருக்கையில் வைத்துப் பெல்ட் போடுங்கள். ஒற்றைக் கையால் எட்டு போடுவது போலத் தள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. சமதரையில் கையை விட்டால் மூன்று மீட்டராவது நேராக ஓட வேண்டும். 10 செ.மீ. உயரப் படி ஒன்றில் ஏற்றி இறக்குங்கள். வீட்டில் நெட்டையானவர், குட்டையானவர் இருவருமே தள்ளிப் பார்க்க வேண்டும். எட்டி நடக்கும்போது கால் பின் அச்சில் இடிக்கக்கூடாது. இருக்கைத் துணியைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரருக்கே பத்து நிமிடம் ஆனால், வாந்தி எடுத்த இரவில் உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கப் ஹோல்டர், தட்டு, தொங்கும் பொம்மை இவற்றுக்காக ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை தனியாகக் கிடைக்கும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. லேபிளில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். அதை வைத்துத் திரும்பப் பெற்ற மாடலா என்று பார்த்துவிடலாம். சட்டத்தில் வெல்டிங் விரிசல், மடிப்பு லாக்கில் ஆட்டம், பட்டையில் நூல் பிரிந்திருப்பது, நுரையில் பூஞ்சை வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். கார் சீட்டை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே கூடாது. விபத்துக்கு உள்ளானதா என்பது வெளியே தெரியாது.

பராமரிப்பு அதிகமில்லை. முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கழற்றி எடுத்தால் கிறீச்சுச் சத்தம் பாதி போய்விடும். மீதிக்குச் சிலிக்கான் ஸ்பிரே. எண்ணெய் போட்டால் தூசியை இழுத்து அரைத்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போன பிறகே மடித்து வைக்கவும்.

இதே வண்டி இரண்டாவது குழந்தைக்குப் போகும்போது ஒன்று மறந்துபோகும். மூத்தது வளர வளர மேலே ஏற்றிய தோள் பட்டை அப்படியே இருக்கும். அதைக் கீழ்த் துளைக்கு இறக்கி, பட்டையின் நீளத்தைக் குறைத்து, பெட்டியில் போட்ட சிறுகுழந்தை மெத்தையைத் திரும்ப மாட்டி, இருக்கை முன்போல முழுக்கச் சாய்ந்து அங்கேயே நிற்கிறதா என்று 5 கிலோ எடை வைத்துப் பாருங்கள். பிரேக் பல்லும் இரண்டு வருடத்தில் தேய்ந்திருக்கும். சரிவில் எடையோடு நிறுத்தி, ஒரு நிமிடம் நகராமல் நிற்க வேண்டும். இதைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டால், மாற்ற வேண்டிய பாகம் ஏதும் இருந்தாலும் வந்து சேர நேரம் இருக்கும்.